பீங்கானிற் சமைந்த பல்

"பல் போனாற் சொல் போச்சு" என்பது ஈழத்திலும் தமிழ்நாட்டிலும் ஒருங்கே வழங்கும் பழமொழி. கண்ணாற் காணாது காதால் மட்டும் கேட்டுப் பழகும் வானொலி நேயர்களுக்கு இதன் உண்மையை விரித்துரைக்க வேண்டியதில்லை. எழுத்துக்கள் பிறக்கும் இடங்களை ஆராய்ந்த தொல்காப்பியர், தகரமும் நகரமும் மேற்பல்லின் அடியில் நாக்குச் சென்று பொருந்தப் பிறக்கும் என்றும், வகரம் மேற்பல்லும் கீழிதழும் கூடப் பிறக்கும் என்றும் வகுத்தார். தமிழ் என்னும் பெயரின் முதலெழுத்தே பல்லை நாடி நிற்பது. வாருங்கள் என்று விருந்தினரை அழைக்கும் சொல்லும் அவ்வாறே. முன்பல் முறிந்தவர் வாயில் இவ்விரண்டும் காற்றாய்க் கசிந்து போகின்றன.

பதுளையிலிருந்து பசறைக்குச் செல்லும் மலைச்சாலையை ஒட்டிய தோட்டம் ஒன்றிற் கொழுந்தெடுக்கும் இளம்பெண் ஒருத்தியை நேயர்கள் மனத்திற் கொள்க. மழை நாளில், கூடைச் சுமையுடன் இறங்குங்கால், பாசி படர்ந்த கற்படியிற் சறுக்கி விழுந்தாள். மேல்வரிசை முன்பல்லிற் பெரும்பகுதி முறிந்து போயிற்று. வேர் மட்டும் உறுதியாய் நின்றது. அன்று முதல் அவள் சிரிக்கும்போது முந்தானையால் வாயை மறைக்கின்றாள். பெரட்டுக் களத்திற் பெயர் கூப்பிட்டாலும் தலையசைத்து விடுகின்றாள். அயல் லயத்து மூதாட்டி சொல்வது யாது? "ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பிடுங்கிப் போட்டுவிடம்மா. ஒரு கட்டுப்பல் வைத்துக்கொண்டாற் போதும்." இவ்வறிவுரை அன்பினாற் பிறந்தது, ஆயினும் முற்றும் சரியானதன்று. முறிந்த பல்லைப் பிடுங்காமலே அதற்குப் புதிய உருவம் கொடுக்கும் கலை ஒன்று உண்டு. அக்கலையையும் அதனைக் கையாளும் தொழினுட்பவியலாளரையும் பற்றியதே இப்பேச்சு.

முதலில் இயற்கை செய்த பல் எத்தகையது என்பதை அறிதல் வேண்டும். பல்லின் வெளிப்புறம் மிளிரி எனப்படும். மனித உடலில் இதனினும் வன்மையான பொருள் வேறில்லை. அதன் பெரும்பகுதி அபற்றைற்று என்னும் கனிய இனத்தைச் சேர்ந்தது. அதே இனத்துக் கனியமே எப்பாவலையில் பாறையாய்க் கிடக்கின்றது. அதனைத் தூளாக்கித் தேயிலைச் செடிகளுக்கு உரமாக இடுகின்றனர். மிளிரிக்குள்ளே பன்முதல் என்னும் சற்று மென்மையான, மஞ்சள் சாயல் கொண்ட பகுதி உளது. அதன் நடுவே நரம்பும் குருதிக் குழாய்களும் ஓடும் மச்சை இருக்கின்றது.

பல்லின் அழகு வெண்மையில் இல்லை. வெள்ளைச் சுவர் ஒளியை வாங்கிய இடத்திலேயே திருப்பி விடுகின்றது. பல் அவ்வாறு செய்வதில்லை. ஒளி மிளிரிக்குள் நுழைந்து, பன்முதலிற் பட்டு, பல திசைகளிற் சிதறி மெல்லத் திரும்பி வருகின்றது. நமுனுகுல மலைமுகட்டை மூடிய பனிமூட்டத்தினூடே காலை வெயில் கசிந்து வருவதைக் கண்டவர்களுக்கு இது எளிதில் விளங்கும். பல்லின் கழுத்தருகே மஞ்சள் மிகுந்து தோன்றும். நடுவிலே நிறம் சமனாகும். கடிக்கும் விளிம்பில் மிளிரி மட்டுமே இருத்தலால் நீலமும் சாம்பலும் கலந்த தெளிவு காணப்படும். வயது ஏற ஏற மிளிரி தேய்கின்றது. உள்ளே பன்முதல் தடிக்கின்றது. ஆதலின் பல் மஞ்சளாகின்றது. ஒரே வாயில் உள்ள பற்களிலும் நிறம் ஒன்றாயிருப்பதில்லை. கோரைப்பல் முன்பல்லினும் மஞ்சள் மிகுந்தது. இத்தனையையும் ஒரு நெல்மணியினும் சற்றே பெரிய பொருளில் மீண்டும் படைத்தல் வேண்டும். தொழினுட்பவியலாளரின் முன் நிற்கும் சவால் இதுவேயாகும்.

பீங்கானைப் பல்லுக்குக் கொண்டுவரும் முயற்சி பழையது. 1774ஆம் ஆண்டளவிற் பிரான்சு நாட்டில் மருந்து விற்பனையாளர் டுஷாட்டோ என்பார், மருந்துக் கலவைகளின் மணம் ஏறித் தம் தந்தப் பற்கள் நாற்றமடித்தமையால், பீங்கானிற் பல்வரிசை செய்விக்க முயன்றார். மருந்துக் கடையின் பீங்கான் கலங்களில் எம்மணமும் பற்றாமையை அவர் நாள்தோறும் கண்டிருந்தார். பின்னர் டுபுவா டி ஷெமான் என்னும் பல் வைத்தியர் அம்முயற்சியைச் செம்மைப்படுத்தினார். உயிருள்ள வேரின் மேலேயே பீங்கானுறை அணிவிக்கும் முறையை அமெரிக்காவின் டெட்ரோயிட் நகரத்துப் பல் வைத்தியர் சார்ள்ஸ் லாண்ட் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வகுத்தார். மெல்லிய பிளாற்றினத் தகட்டின் மேற் பீங்கான் மாவை அப்பிச் சூளையிற் சுட்டெடுப்பது அவர் முறை. அட்லாந்திக் கடலைத் தனியே பறந்து கடந்த விமானி லிண்ட்பேர்க்கின் தாய்வழிப் பாட்டனார் இவரே.

அவ்வுறை அழகாயிருந்தது, ஆயின் எளிதில் உடைந்தது. 1962இல் அமெரிக்காவில் வைன்ஸ்டைன் முதலியோர் உலோகத்தின் மேற் பீங்கானை உருக்கி ஒட்டும் முறைக்கு உரிமைப் பத்திரம் பெற்றனர். 1965இல் இங்கிலாந்தின் மக்லீனும் ஹியூசும் அலுமினாத் துகள் கலந்து பீங்கானின் வன்மையைப் பெருக்கினர். இன்றைய பல்லுறை இவர்கள் அனைவரதும் உழைப்பின் மேல் நிற்பது.

இனி, அந்தத் தோட்டத்துப் பெண்ணின் பல்லுக்கு நிகழக்கூடியதைப் படிப்படியாகக் காண்போம். பல் வைத்தியர் முதலில் ஒளிப்படம் எடுத்து வேரின் நிலையை அறிவார். மச்சை பாதிக்கப்பட்டிருப்பின், வேரின் உட்குழியைத் துப்புரவாக்கி அடைக்கும் சிகிச்சை முன்னர் நடைபெறும். முறிவு சிறிதாயின் பல்லின் நிறமுள்ள பிசின் அடைப்பே போதும், உறை வேண்டியதில்லை. முறிவு பெரிதாயின், எஞ்சிய பல்லைச் சுற்றிலும் ஓரளவு சீவி, உறைக்கு இடம் செய்வார்.

சீவுவதற்கு முன்பே நிறம் பார்த்தல் வேண்டும். வாய் திறந்தபடி சிறிது நேரம் இருந்தாற் பல் உலர்ந்து, உள்ளதினும் வெண்மையாய்த் தோன்றும் என்பது இதற்குக் காரணம். ஜெர்மனியின் வீட்டா நிறுவனம் வகுத்த 16 நிற மாதிரிகள் உலகெங்கும் பயனில் உள்ளன. அவை நான்கு குலங்களாகப் பிரிந்தவை: செம்பழுப்புச் சாயல், செம்மஞ்சட் சாயல், சாம்பற் சாயல், செஞ்சாம்பற் சாயல். இவற்றைப் பல்லருகே பிடித்துச் சில வினாடிகளே பார்ப்பர். நெடுநேரம் உற்று நோக்கினாற் கண் களைத்து ஏமாறும். பகலொளியில் ஒத்திருக்கும் இரு நிறங்கள் மின்விளக்கொளியில் வேறுபடுவதும் உண்டு. புடவைக் கடையில் விளக்கின் கீழ்த் தெரிந்தெடுத்த சேலை வீட்டு முற்றத்தில் வேறு நிறம் காட்டுவதை அறியாத பெண்கள் இலர். தேயிலை மாதிரிகளை வரிசையாய் வைத்துச் சுவைக்கும் வல்லுநர், ஊவாவின் ஆடி ஆவணிக் காற்றிற் காய்ந்த கொழுந்தின் மணத்தை ஒரு மிடற்றில் இனங்காண்பது போல, பழகிய கண் ஒரு நோக்கிலே பல்லின் குலத்தைக் காணும்.

அடுத்துப் பல்லின் அச்சை எடுப்பர். கடற்பாசியிலிருந்து பெறும் அல்ஜினேற்று, அல்லது அதனினும் நுட்பமான சிலிக்கோன் பசை, தட்டிலிட்டு வாயில் வைக்கப்பட்டு இறுகியதும் எடுக்கப்படும். இவ்வச்சும் நிறக்குறிப்பும் தொழினுட்பவியலாளரின் மேசைக்குச் செல்கின்றன. நேயர்கள் ஊன்றி நோக்க வேண்டிய ஒன்று இங்கு உண்டு. பல்லைச் செய்பவர் பெரும்பாலும் அப்பல்லுக்குரியவரைக் காண்பதில்லை. வயது, நிறக்குறி, ஒரு நிழற்படம், அச்சு, இவ்வளவே அவர் அறிவன. வைத்தியர் எழுதும் குறிப்பு குறைபட்டதாயின், வந்து சேரும் பல்லும் குறைபட்டதாகவே இருக்கும்.

அச்சினுட் கல் போல் இறுகும் சாந்தை ஊற்றி, வாயின் நேர்ப்படியைத் தொழினுட்பவியலாளர் பெறுகின்றார். மேல் வரிசையும் கீழ் வரிசையும் தாடையைப் போல் அசையும் கருவி ஒன்றிற் பொருத்தப்படுகின்றன. சீவிய பல்லின் விளிம்பைப் பெருக்கிக் கண்ணாடியின் கீழ்ச் செதுக்கித் தெளிவாக்குகின்றார். பல்லும் உறையும் சந்திக்கும் இந்த விளிம்பிலேதான் வேலையின் வெற்றி தோல்வி தங்கியுள்ளது. அங்கே சிறு இடைவெளி இருப்பினும் உணவும் கிருமியும் தங்கி, உள்ளிருக்கும் பல்லைச் சொத்தையாக்கிவிடும். வெளியே உறை மட்டும் பளபளப்பாய் நிற்கும்.

உலோக உள்ளுறை வேண்டுமாயின் மெழுகில் அதன் உருவைச் செய்து, தீயைத் தாங்கும் சாந்தினுட் புதைத்துச் சூடேற்றுவர். மெழுகு உருகி நீங்கிய வெற்றிடத்தில் உருகிய உலோகம் புகுகின்றது. சோழர் காலச் சிற்பிகள் செப்புத் திருமேனிகளை வார்த்ததும், சுவாமிமலைத் தபதிகள் இன்றும் வார்ப்பதும் இம்முறையாலேயே. நடராசர் திருவடியை வார்த்த முறையே ஒரு தொழிலாளியின் கடைவாய்ப் பல்லையும் வார்க்கின்றது.

இதன்பின் பீங்கான் வேலை தொடங்குகின்றது. பல் பீங்கானிற் பெல்ஸ்பாரும் பளிங்குக் கல்லுமே முதன்மையானவை. கோப்பை செய்வோர் மிகுதியாய்ச் சேர்க்கும் வெண்களி இதில் இல்லை எனத்தக்க அளவே உண்டு. வெண்களி மிகின் ஒளி ஊடுருவாது. மாவை நீரிற் குழைத்துத் தூரிகை நுனியாற் சிறிது சிறிதாக ஏற்றுகின்றார். முதலில் உலோகத்தின் கருமையை மறைக்கும் ஒளிபுகாப் பூச்சு. அதன்மேற் பன்முதலின் மஞ்சள் நிறம். அதன்மேல் மிளிரியின் சாயல். விளிம்பில் தெளிந்த பீங்கான். இளம்பல்லாயின் விளிம்பினுள்ளே விரல்கள் போன்ற மூன்று மெல்லிய மேடுகளையும் மறைவாய் அமைப்பார். ஈரத்தைத் தாளால் ஒற்றியெடுத்து, மெல்ல அதிரச் செய்து, மாத்துகள்களை நெருக்குவார்.

சூளையிற் காற்றை அகற்றி, 900 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்திற் சுடுவர். காற்று உள்ளே இருப்பின் குமிழிகள் தங்கிப் பல் மங்கிவிடும். வேகும்போது பீங்கான் பெரிதும் சுருங்குமாதலால், வேண்டிய அளவினும் பெரிதாகவே முதலில் அமைத்தல் வேண்டும். சுருங்கியபின் குறைந்த இடங்களில் மீண்டும் ஏற்றி மீண்டும் சுடுவர். உலோகம் குளிரும்போது பீங்கானினும் சிறிதே மிகுதியாய்ச் சுருங்குமாறு கலவையைத் தெரிந்தெடுக்கின்றனர். வண்டிச் சில்லிற் காய்ச்சிப் பூட்டிய இரும்புப் பட்டம் குளிர்ந்து மரத்தை இறுக்குவது போல, இச்சுருக்கம் பீங்கானை இறுக்கி வைக்கின்றது. இறுக்கத்தைப் பீங்கான் தாங்கும், இழுவையைத் தாங்காது.

கடைசியாக வரும் வேலையே கைத்திறனின் உச்சம். இளம்பல்லின் முகத்தில் மயிரிழை போன்ற குறுக்கு வரிகள் உண்டு. முதியோர் பல்லில் அவை தேய்ந்து மழுமழுப்பாயிருக்கும். அவ்வரிகளை நுண்ணிய சாணையாற் கீறுகின்றார். அயற்பல்லில் ஒரு சிறு வெண்புள்ளியோ, தேநீர் ஏறிய மெல்லிய கோடோ இருப்பின் அதனையும் எழுதுகின்றார். குறையற்ற பல் வரிசையின் நடுவே தனித்துக் காட்டிக்கொடுக்கும். அயற்பல்லின் குறையைத் தானும் ஏற்றுக்கொண்ட பல்லே உறவாய்க் கலந்து நிற்கும். பின்னர் மேற்பூச்சு உருகி மினுங்கும்வரை ஒருமுறை சுட்டெடுத்தால் வேலை முற்றுப்பெறும். நன்றாகச் செய்த பல்லை எவரும் கவனிப்பதில்லை. அத்தொழிலாளிக்கு அதுவே பாராட்டு.

பல் முழுவதையும் மூடாமல் முன்முகத்தில் மட்டும் ஒட்டும் மெல்லிய பீங்கான் தகடு ஒன்றும் உண்டு; அதனை வெனியர் என்பர். அரை மில்லிமீற்றர் அளவே தடிப்பமுள்ளது. 1920களின் இறுதியிலும் 1930களிலும் ஹொலிவூட் நடிகர்களுக்காக சார்ள்ஸ் பின்கஸ் என்னும் பல் வைத்தியர் இதனைச் செய்தார். அந்நாளில் ஒட்டுவதற்கு உறுதியான பசை இன்மையால், படப்பிடிப்பு முடிந்ததும் கழற்றி விடுவர். 1955இல் புவோனக்கோர் என்பார் மிளிரியை அமிலத்தால் நுண்மையாய் அரித்தாற் பிசின் இறுகப் பற்றும் என்று காட்டினார். 1980களின் தொடக்கத்திற் பீங்கானின் உட்புறத்தையும் அமிலத்தால் அரித்து ஒட்டும் முறை வந்தது. அதன்பின்னரே வெனியர் நிலைத்த சிகிச்சையாயிற்று.

இங்கு ஓர் எச்சரிக்கை வேண்டும். வெனியருக்காகப் பெரும்பாலும் மிளிரியைச் சிறிதேனும் சீவ வேண்டியிருக்கின்றது. சீவிய மிளிரி மீண்டும் வளர்வதில்லை. வெண்மை மோகத்தால் நலமான பற்களைச் சீவிக்கொள்வோர், வாழ்நாள் முழுவதும் தகடுகளை மாற்றிக்கொண்டே இருக்க நேரும். தேநீர்க் கறையும் வெற்றிலைக் கறையும் மட்டுமே குறையாயின், வைத்தியர் துப்புரவு செய்வதே பெரும்பாலும் போதுமானது.

அண்மைக் காலத்திற் கணினி இத்தொழிலில் நுழைந்துள்ளது. ஒளியால் வாயை அளந்து, திரையில் உருவை வகுத்து, சிர்க்கோனியாக் கட்டியைப் பொறி குடைகின்றது. அக்கட்டியும் சூளையில் ஐந்தில் ஒரு பங்கு அளவு சுருங்கும். அதனைக் கணித்துப் பெரிதாய்க் குடைகின்றனர். சிர்க்கோனியாவின் மூலமான சிர்க்கன் நம் புல்மோட்டைக் கடற்கரை மணலில் உளது. பெல்ஸ்பார் மாத்தளைப் பகுதியில் தோண்டப்படுவது. அம்மாத்தளையிற் கோப்பைகள் வார்த்த ஜப்பானிய நோரிட்டாக்கேயின் பெயர் பல் பீங்கான் மாப் புட்டிகளிலும் காணப்படுகின்றது. மண் நம்மிடம் உண்டு. அம்மண்ணைப் பல்லாக்கும் கைகள் மிகுந்து வளர வேண்டும். கூரிய கண்ணும் நடுங்காக் கையும் படைத்த மலையக இளைஞர்க்கும் இளம்பெண்களுக்கும் இத்தொழில் ஏற்றதொன்று என்பதைப் பாடசாலைகள் எடுத்துரைத்தல் நலம்.

ஆயினும் எத்துணைச் சிறந்த பல்லுறையும் ஈறு தாங்கினாலன்றி நில்லாது. இவ்வுண்மையை உலகிற்குக் கற்பித்தவர்கள் தேயிலைத் தோட்டத் தொழிலாளரே என்பது நேயர்களிற் பலர் அறியாத செய்தி. 1970ஆம் ஆண்டு நோர்வே நாட்டறிஞர் ஹரால்ட் லோவும் அவர்தம் குழுவினரும், இலங்கை மலைநாட்டின் இரு தேயிலைத் தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளரின் வாய்நிலையை ஆராயத் தொடங்கினர். 1985 வரை அவ்வாய்வு தொடர்ந்தது. அவர்கள் பற்களிற் சொத்தை இல்லை எனத்தக்க அளவே இருந்தது. ஆயினும் பற்றூரிகை அவர்கள் அறியாதது. பல் வைத்தியம் அவர்களை எட்டாதது. 1986இல் வெளியான முடிவுகளின்படி நூற்றுக்கு 8 பேருக்கு ஈறுநோய் விரைந்து பரவியது. 81 பேருக்கு மெல்லப் பரவியது. 11 பேருக்கு மேலும் பரவவில்லை. விரைந்து பரவியோர் 45 வயதளவிற் பற்கள் அனைத்தையும் இழந்தனர். சொத்தையினாலன்றி, பல்லைத் தாங்கும் எலும்பு கரைந்தமையாலேயே இழந்தனர். இம்முடிவுகளை உலகெங்கும் பல் வைத்திய மாணவர் பயில்கின்றனர். தொழிலாளரின் வாயிலிருந்து பிறந்த அறிவு அவர்தம் லயத்துக்குத் திரும்பி வருதல் நீதியன்றோ?

வெற்றிலைப் பழக்கத்தையும் இங்கு மறைத்தற்கில்லை. மலைக்குளிரில் வெற்றிலையும் பாக்கும் புகையிலையும் உழைப்பின் துணையாய் வந்தவை. ஆயின் புகையிலை சேர்ந்த வெற்றிலை புற்றுநோய் விளைப்பது என 1985இலும், புகையிலை சேராத வெற்றிலைக் கூட்டும், பாக்குத் தனியேயும் அவ்வாறே என 2004இலும், புற்றுநோய் ஆராய்ச்சிக்கான சர்வதேச நிறுவனம் அறிவித்தது. வாயினுள் வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, மூன்று கிழமையாகியும் ஆறாத புண், வாய் திறத்தலிற் சிரமம் ஆகியவற்றுள் ஒன்று காணினும் வைத்தியரிடம் செல்லத் தாமதித்தல் கூடாது. அதற்கு நோவு வரும்வரை காத்திருத்தலும் கூடாது; தொடக்கத்தில் அது நோகாது.

மீண்டும் பசறைச் சாலைப் பெண்ணிடம் வருவோம். நகரத்துக்குச் செல்லும் ஒவ்வொரு நாளும் அவள் ஒரு பேரை இழக்கின்றாள்; பேர் என்பது தோட்டத்தில் ஒரு நாட் சம்பளம். பிடுங்குவதற்கு ஒரு நாள் போதும். காப்பதற்குப் பல நாட்கள் வேண்டும். தனியாரிடம் பல்லுறைக்காகும் செலவு அவள் குடும்பத்துக்குச் சிறிதன்று. பிடுங்கிவிடு என்று மூதாட்டி சொன்னதன் பின்னே அறியாமை மட்டும் இருக்கவில்லை, கணக்கும் இருந்தது. அக்கணக்கை இகழ்தல் எவர்க்கும் தகாது.

ஆனால் அக்கணக்கில் விடுபட்ட வரி ஒன்று உண்டு. வேர் போனால் அதனைத் தாங்கிய எலும்பும் நாளடைவிற் கரைகின்றது, அயற்பற்கள் சாய்கின்றன, இன்று அளந்து செய்த கட்டுப்பல் சில ஆண்டுகளில் தளர்கின்றது. உறுதியான வேர் இயற்கை கொடுத்த அத்திவாரம். ஆதலின் அவள் பல் வைத்தியர் முன் அமரும்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: "ஐயா, இதைப் பிடுங்காமற் காக்க வழி உண்டா?" அக்கேள்வி கேட்கப்பட்டால், இன்று பிசின் அடைப்பு, பின்னர் வசதி வாய்க்கும்போது பீங்கானுறை என்று வழி வகுக்க இயலும். பிடுங்கிய பின்னர் அக்கேள்விக்கு இடமில்லை. 1943இற் கொழும்பில் தொடங்கிப் பின் பேராதனைக்குச் சென்ற பல் வைத்தியக் கல்வியும், பதுளை முதலிய அரச வைத்தியசாலைகளின் பற் சிகிச்சைப் பிரிவுகளும் பொதுமக்கள் வரிப்பணத்தில் நடப்பவை. அவற்றின் படியேறும் உரிமை கொழுந்தெடுப்பவளுக்கும் உண்டு.

எங்கோ ஒரு மேசையில், அவள் முகம் காணாத ஒருவர், மாவைக் குழைத்துத் தூரிகையால் ஏற்றுவார். அயற்பல்லின் தேநீர்க் கோட்டையும் மறவாது எழுதுவார். பின்னர் ஒரு நாட் காலை பெரட்டுக் களத்தில் அவள் பெயர் கூப்பிடப்படும். முந்தானை வாய்க்குச் செல்லாது. வந்திருக்கிறேன் என்று அவள் வாய்திறந்து சொல்வாள். அந்த வகரம் நன்றாய் ஒலிக்கும்.